கொட்டாயின் பெயர் கணக்கெடுப்புப் பட்டியலில் இல்லாதது ஏன்? அதைத் தேடிப் பிடிப்பது எப்படி?

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் பிறந்து வளர்ந்த நீங்கள், தாத்தாவின் ஊராகிய தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கத்துக் கொட்டாய் ஒன்றின், அதாவது சில வீடுகள் கொண்ட குக்கிராமம் ஒன்றின், பெயரை 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலில் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து கொண்டுவரப்போகும் கோயில் குடமுழுக்கு மலருக்காக ஊரின் குறியீட்டு எண், தாத்தா காலத்து மக்கள்தொகை, முடிந்தால் கணக்கெடுப்பில் தாத்தாவின் பெயர் பதிவான பக்கம் ஆகிய மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுள் முதலாவது உறுதியாகக் கிடைக்கும், இரண்டாவது ஓரளவுக்குக் கிடைக்கும், மூன்றாவது கிடைக்காது. முப்பது ஆண்டுகள் வரைபடங்களையும் கணக்கெடுப்புப் புள்ளிவிவரங்களையும் ஒன்றோடொன்று பொருத்துவதையே வேலையாகச் செய்தவன் என்பதாலும், என் தாயாரின் ஊரும் அரூர்ப் பக்கத்தில் இதே போன்ற ஒரு கொட்டாய் என்பதாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் ஊர் என்று சொல்வது வேறு, கணக்கெடுப்பு கிராமம் என்று சொல்வது வேறு. பத்து முப்பது வீடுகள், ஒரு கிணறு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தால் நமக்கு அது ஊர். கணக்கெடுப்புத் துறையின் அலகோ வருவாய் கிராமம், அதாவது நிலவரி வசூலுக்காக எல்லைக்கல் நட்டு, புல எண்கள் கொடுத்து, தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிற நிலப்பரப்பு. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பு காட்டும் கிராமங்கள் 15,979; ஊரக வளர்ச்சித் துறையின் கணக்கிலுள்ள குடியிருப்புகளோ ஏறத்தாழ 79 ஆயிரம். சராசரியாகப் பார்த்தால் ஒரு கிராமத்தின் பெயருக்குள் ஐந்து ஊர்கள் அடங்கியிருக்கின்றன. அந்த ஐந்தில் ஒன்றின் பெயர்தான் கிராமத்தின் பெயராக நின்றது. மற்ற நான்கும் அதனுள் குக்கிராமங்களாக அடங்கிவிட்டன. வீடுகள் நெருங்கி நிற்காமல் அவரவர் நிலத்திலேயே கொட்டாய் போட்டுக் குடியிருப்பது வழக்கமான தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் இந்த விகிதம் இன்னும் கூடுதலாக இருந்தால் வியப்பில்லை.

பெங்களூரில் வீடு வாங்கியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்க வேண்டியதில்லை. வெளிவட்டச் சாலையை ஒட்டி அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்கியவரின் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், கட்டடத்தின் பெயருக்கும் கதவு எண்ணுக்கும் பிறகு, சர்வே எண் இன்னது, பெல்லந்தூர் கிராமம், வர்த்தூர் ஹோப்ளி, பெங்களூரு கிழக்குத் தாலுக்கா என்று எழுதியிருக்கும். வயல் போய்க் கண்ணாடிக் கட்டடங்கள் வந்த பிறகும், நிலத்தின் பதிவில் அது கிராமமாகவே நிற்கிறது. கர்நாடகத்து ஹோப்ளிக்கு நிகரானது தமிழ்நாட்டின் பிர்க்கா, அதாவது உள்வட்டம். பத்திரத்தில் நீங்கள் படிக்கும் அந்த அடுக்குதான், ஏறத்தாழ, கணக்கெடுப்பின் அடுக்கும்.

இந்த ஏற்பாட்டின் வேர் உங்கள் தாத்தாவின் மண்ணிலேயே இருக்கிறது என்பதையும் மலரில் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து உங்கள் ஊரும் அடங்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, தனித்தனி உழவரிடம் தீர்வை வசூலிக்கும் முறையை அங்கேதான் முயன்று பார்த்தார்கள். பின்னர் சென்னை மாகாணத்தில் பரவிய ரயத்துவாரி முறைக்கு அதுவே முன்னோடி. பிற்காலத்தில் தலைகளை எண்ண வந்தவர்கள், ஏற்கெனவே நிலத்தை எண்ணியவர்கள் போட்டுவைத்த எல்லையையே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே கணக்கெடுப்பில் உங்கள் கொட்டாயின் பெயர் இல்லாமைக்கு யாருடைய கவனக்குறைவும் காரணமன்று. மக்களை எண்ணும் பட்டியலுக்கு அடிப்படை, மக்கள் எங்கே சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதாக இல்லாமல், நிலம் எப்படிப் பகுக்கப்பட்டது என்பதாக இருப்பதே காரணம்.

இதற்கு நேர்மாறான நிலையையும் அந்தப் பட்டியலில் காணலாம். 2011இல் தமிழ்நாட்டின் கிராமங்களில் 900க்கும் மேற்பட்டவற்றில் ஒருவர்கூடக் குடியிருக்கவில்லை. ஆனாலும் அவற்றுக்குக் குறியீட்டு எண் உண்டு, பரப்பளவு உண்டு, வரைபடத்தில் எல்லை உண்டு. கர்நாடக வருவாய்த் துறையில் இத்தகைய கிராமத்தைப் பேச்சிராக் என்பார்கள். விளக்கு இல்லாதது என்று பொருள். விளக்கில்லாத கிராமத்துக்கு எண் இருக்கிறது, விளக்கெரியும் கொட்டாய்க்கு எண் இல்லை என்பதைப் பல ஆண்டுகள் அட்டவணைகளில் பார்த்துப் பழகிய பின்னும் என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி, உங்கள் கொட்டாய் எந்த வருவாய் கிராமத்துக்குள் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். குடும்பத்தில் யாரிடமாவது பழைய பட்டா, சிட்டா, அடங்கல் நகல், பத்திரம், வில்லங்கச் சான்று ஏதேனும் ஒன்று இருந்தால் வேலை அத்துடன் முடிந்தது. அதில் கிராமம் என்ற இடத்தில் எழுதியிருப்பதே நீங்கள் தேடும் பெயர். நிலம் கைவிட்டுப் போய்ப் பத்திரமும் இல்லாத குடும்பங்களுக்கு நான் சொல்லும் வழி வாக்காளர் பட்டியல். உங்கள் ஊர் இருக்கும் பாலக்கோடு சட்டமன்றத் தொகுதியின் பாகங்களைத் தேர்தல் துறையின் தளத்தில் இறக்கி, ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்தையும் பாருங்கள். வாக்காளர்களின் பெயர்கள் தொடங்குவதற்கு முன்பே, அந்தப் பாகத்தில் அடங்கிய பிரிவுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் வ.கி என்றும் ஊ என்றும் எழுத்துகள், பிறகு வார்டு எண், தெரு அல்லது கொட்டாயின் பெயர். வ.கி என்பது வருவாய் கிராமம், ஊ என்பது ஊராட்சி. இந்த ஒற்றை வரியில் தாய்க் கிராமம், ஊராட்சி, குக்கிராமம் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. எனக்குத் தெரிந்த அரசு ஆவணங்களில், சின்னக் கொட்டாயின் பெயரையும் அது அடங்கிய கிராமத்தையும் இவ்வளவு அருகருகே தமிழிலேயே காட்டுவது வேறில்லை. 2002, 2005ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியல்களும் வாக்காளர் பட்டியலின் அண்மைச் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்டன. பின்னாளில் பெயர் மாறிய கொட்டாய்களுக்கு அவை உதவும்.

ஊராட்சியின் பெயரையே கிராமத்தின் பெயர் என்று எடுத்துக்கொண்டுவிட வேண்டாம். இரண்டும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஒரே ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய் கிராமங்களும், ஒரே வருவாய் கிராமத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஊராட்சிகளும் இருப்பது தமிழ்நாட்டில் சாதாரணம். அவ்வாறே, பேரூராட்சி எல்லைக்குள் போய்விட்ட ஊரைக் கிராமப் பட்டியலில் தேடிப் பயனில்லை. அது நகரப் பட்டியலில் வார்டாக இருக்கும்.

தாய்க் கிராமத்தின் பெயர் கிடைத்த பின்னும் நீங்கள் ஏமாந்தது போல மறுபடியும் ஏமாற இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று வட்டம். நீங்கள் 2011 பட்டியலில் காரிமங்கலம் வட்டத்தைத் தேடியிருக்கிறீர்கள். அப்போது அப்படி ஒரு வட்டமே கிடையாது, அதற்குப் பிறகுதான் பாலக்கோடு வட்டத்திலிருந்து அது பிரிந்தது. எனவே 2011க்குப் பாலக்கோடு வட்டத்தில் தேடுங்கள். கணக்கெடுப்புத் துறை மாவட்டந்தோறும் வெளியிடும் மாவட்டக் கையேட்டின் கிராம அட்டவணைகள் ஊராட்சி ஒன்றியம் வாரியாக இருப்பதால் அங்கே காரிமங்கலம் ஒன்றியம் என்ற தலைப்பின் கீழ் தேடலாம். வட்டம் புதிதாயினும் ஒன்றியம் பழையது. மற்றொன்று எழுத்து. நாம் அள்ளி என்று எழுதும் பெயர்கள் கணக்கெடுப்பின் ஆங்கிலப் பட்டியலில் ஹள்ளி என்று கன்னட வழக்கில் இருக்கும். பேரூராட்சியான மாரண்டஅள்ளிகூட நகரப் பட்டியலில் மாரண்டஹள்ளி என்று தேடினால்தான் அகப்படும். ஒரே பெயரில் பல கிராமங்கள் இருப்பதும் உண்டு என்பதால், பெயர் கிடைத்ததும் நின்றுவிடாமல் பக்கத்துக் கிராமங்களின் பெயர்களையும் வரைபடத்தில் ஒப்பிட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது குறியீட்டு எண்ணுக்கு வருகிறேன். 2011இல் மாநிலத்துக்கு இரண்டு இலக்கம், மாவட்டத்துக்கு மூன்று, வட்டத்துக்கு ஐந்து, கிராமத்துக்கு ஆறு இலக்கம் என்று வகுத்தார்கள். தமிழ்நாட்டின் எண் 33, தருமபுரி மாவட்டத்தின் எண் 630, கிருஷ்ணகிரியின் எண் 631. கிராமத்தின் ஆறிலக்க எண் நாடு முழுவதற்கும் ஒன்றே; அதே எண் வேறெந்த மாநிலத்திலும் வராது. மத்திய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவிலும் (Local Government Directory) கிராமங்களுக்கு இந்த எண்ணையே எடுத்துக்கொண்டிருப்பதால், மலரில் அச்சிடத் தகுந்த எண் இதுதான். 2001இல் இருந்தது எட்டிலக்க எண். அதற்கும் இதற்கும் கணக்குப் போட்டு மாற்றும் வாய்பாடு எதுவும் இல்லை. ஆனால் 2011 மாவட்டக் கையேட்டின் முதற் பகுதியில், கிராமங்களின் அகரவரிசைப் பட்டியலில், 2001ஆம் ஆண்டு எண்ணும் 2011ஆம் ஆண்டு எண்ணும் பக்கம் பக்கமாக அச்சிடப்பட்டுள்ளன. கையேட்டைத் திறப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் அந்தப் பட்டியல்தான் பின்னோக்கிச் செல்வதற்குப் பாலம்.

அதற்கும் முன்னே போக, மாவட்டங்கள் பிரிந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிந்தது. கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து 2004இல் பிரிந்தது. எனவே உங்கள் கிராமத்தின் 1971, 1981, 1991, 2001 விவரங்களைத் தருமபுரிக் கையேட்டிலும், 1951, 1961 விவரங்களைச் சேலம் கையேட்டிலும் தேட வேண்டும். மாவட்டக் கையேடு என்ற வரிசையே 1951இல்தான் தொடங்கியது. அதற்கு முற்பட்ட அச்சு அறிக்கைகள் பெரும்பாலும் மாவட்டம், தாலுக்கா அளவிலேயே நின்றுவிடுகின்றன. 1941 கணக்கெடுப்பு போர்க்காலத்தில் நடந்ததால் அட்டவணைகளும் மிகவும் சுருங்கிவிட்டன. இந்தக் கையேடுகளின் ஒளிப்பட நகல்கள் கணக்கெடுப்புத் துறையின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோரமங்கலா கேந்திரிய சதனில் இருப்பது கர்நாடகத்துக்கான இயக்ககம், தமிழ்நாட்டுக்கானது சென்னை பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் இருக்கிறது. ஆயினும் இந்த வேலைக்காக நீங்கள் இரண்டுக்கும் அலைய வேண்டியதில்லை.

தாத்தா காலத்து மக்கள்தொகை ஓரளவுக்கே கிடைக்கும் என்று சொன்னதன் காரணம் இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். கிடைப்பது தாய்க் கிராமம் முழுவதற்குமான எண்ணிக்கை. கொட்டாய்க்குத் தனியாக அல்ல. முதனிலைக் கணக்கெடுப்புச் சுருக்கம் எனப்படும் அட்டவணையில் கிராமத்துக்கு ஒரு வரி: குடும்பங்கள், ஆண், பெண், ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தவர், உழவர், விவசாயக் கூலி, வீட்டுத்தொழில் செய்பவர், பிற வேலை செய்பவர், வேலை செய்யாதோர் என்று அந்த வரி நீண்டுகொண்டே போகும். ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், குறைவாகச் செய்தவர் குறுந்தொழிலாளர் என்ற பிரிவும் அதில் உண்டு. மழை பொய்த்தால் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு வந்துவிடும் பகுதி என்பதால் அந்தப் பிரிவை நான் எப்போதும் கவனித்துப் படிப்பேன். 1991, 2001, 2011 மூன்று கையேடுகளையும் அருகருகே வைத்து உழவர் எண்ணிக்கையையும் கூலியாட்கள் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால், ஊரை விட்டு ஏன் கிளம்பினோம் என்று பெரியவர்கள் சொல்லும் கதைக்கு எண்கள் துணை நிற்கின்றனவா என்று தெரியும். கிராம அடைவு என்ற மற்றோர் அட்டவணையில் பரப்பளவு, பள்ளி, குடிநீர், அஞ்சலகம், சாலை, மின்சாரம் போன்றவை இருக்கும். தாய்மொழி விவரம் கிராம அளவில் வெளியிடப்படுவதில்லை.

பெங்களூரில் இருக்கும் உங்கள் குடும்பங்கள் இந்த எண்ணிக்கையில் இல்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம். 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்த கணக்கெடுப்பின்போது ஒருவர் எங்கே வழக்கமாகத் தங்கியிருந்தாரோ அங்கேதான் எண்ணப்பட்டார். குலதெய்வமும் நிலமும் ஊரில் இருந்தாலும், ராமமூர்த்தி நகரில் குடியிருந்தவர் கர்நாடகத்தின் கணக்கில்தான் சேர்ந்திருப்பார். கொட்டாய்க்கு மட்டும் எண்ணிக்கை வேண்டுமென்றால் கணக்கெடுப்பை விட்டுவிட்டு, குடிநீர்த் திட்டத்துக்காக வைத்திருக்கும் குடியிருப்பு வாரிப் பட்டியலையும் வாக்காளர் பட்டியலின் அந்தப் பிரிவையும் பாருங்கள். எந்த ஆண்டு, எந்தப் பட்டியல் என்று குறிப்பிட்டே அச்சிடுங்கள்.

தாத்தாவின் பெயர் பதிவான பக்கத்தைப் பற்றி உங்களுக்கு வருத்தம் தரும் பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, தனிமனிதர் விவரங்கள் எழுதப்பட்ட படிவங்களை யாரும் பார்வையிட முடியாது. நீதிமன்றத்திலும் அவற்றைச் சாட்சியமாகக் கொள்ள இயலாது. சில நாடுகளில் குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்ததும் பழைய படிவங்களைத் திறந்துவிடும் வழக்கம் உண்டு என்பதால் இங்கும் அப்படி இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இங்கே அந்த ஏற்பாடு இல்லை. நான் இதைக் குறையாகக் கருதவில்லை. தான் சொல்வது தன் சாதிக்காரனுக்கோ, கடன்காரனுக்கோ, அதிகாரிக்கோ போகாது என்ற உறுதி இருப்பதனால்தான் மக்கள் வாசலில் வந்து நின்றவரிடம் உண்மையைச் சொன்னார்கள். தாத்தாவின் பெயருக்குப் பழைய பட்டா, கிராமத்து நிலங்களின் அடிப்படைப் பதிவேடான அ-பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேடுங்கள். 1980இல் பரம்பரைக் கர்ணம் (கிராமக் கணக்கர்), முன்சீப் (கிராமத் தலைவர்) பதவிகள் ஒழிக்கப்பட்டபோது பழைய கணக்குகள் எல்லா ஊரிலும் முழுமையாகக் கைமாறவில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் இல்லை என்றால் வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் மனுச் செய்து கேட்டுப் பாருங்கள்.

இடத்தைக் குறிக்க அஞ்சல் குறியீட்டு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அது அஞ்சல் பட்டுவாடாவுக்காக 1972இல் வந்த எண். மாவட்ட எல்லையை அது அறியாது. தருமபுரி நகரின் எண் சேலத்தைப் போல 636 என்று தொடங்க, அதே மாவட்டத்துக் காரிமங்கலத்தின் எண் கிருஷ்ணகிரியைப் போல 635 என்று தொடங்குகிறது. அதைவிட, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கோயில் வாசலில் நின்று கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நில அளவைத் தாள்களிலிருந்து எடுத்த ஆயத்தொலைகளை அத்துடன் கலக்காதீர்கள். அவை பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்காகிய எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை, இன்றைய கைப்பேசி காட்டும் புள்ளியிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும்.

இறுதியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. இம்முறை கைப்பேசிச் செயலி வழியாக நடக்கும், சாதி விவரமும் சேரும். அதிலும் கொட்டாய்க்குத் தனி எண் வரப்போவதில்லை. ஆனால் கிராமத்தைச் சில நூறு பேர் கொண்ட தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அமைவிடப் படம் உருவாக்கும் வேலையில் குக்கிராமத்தின் பெயர்தான் களத்தில் வழிகாட்டி. ஊரில் இருக்கும் உறவினர்கள் கணக்கெடுப்பாளரிடம் கொட்டாயின் சரியான பெயரைச் சொல்ல வேண்டும். காலனி என்று மட்டும் பொதுவாகச் சொல்லப்பட்டு, ஐம்பது அறுபது ஆண்டுகளாகத் தன் பெயரில் எங்கும் பதிவாகாத குடியிருப்புகள் எத்தனையோ இருக்கின்றன. பெரிய தெருவின் பெயர் கிராமத்தின் பெயராகிவிட்டது, தலித் மக்கள் வாழும் பகுதியின் பெயர் ஓர் ஏட்டிலும் ஏறவில்லை. உங்கள் தாய்க் கிராமத்துக்குள் அப்படிப்பட்ட குடியிருப்பு இருந்தால், மலரில் அதன் பெயரையும் அங்குள்ளவர்கள் சொல்லும் வடிவத்திலேயே சேர்த்து அச்சிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மலரின் முதல் பக்கத்தில் அடையாள வரியை இந்த வரிசையில் அமைக்கலாம்: கொட்டாயின் பெயர், ஊராட்சி, வருவாய் கிராமம், அதன் 2011 ஆறிலக்க எண், உள்வட்டம், காரிமங்கலம் வட்டம், அடைப்புக்குறிக்குள் 2011இல் பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம், அடைப்புக்குறிக்குள் 1965க்கு முன் சேலம் மாவட்டம், கோயில் வாசலின் அட்சரேகை, தீர்க்கரேகை. வருவாய் கிராமத்தின் பெயர் தெரிந்ததும் எழுதுங்கள். சேலம், தருமபுரிக் கையேடுகளில் அதற்குரிய பக்கங்களை நானே எடுத்துத் தருகிறேன்.